பதினொன்றாம் தேதி காலமானவர்

உங்கள் காவல் நிலையத்து டீ நன்றாகவே இருக்கிறது, சார். எங்கள் வானொலி நிலையத்து டீயைக் குடித்தவன் என்பதால் சொல்கிறேன்.

என் வேலை சின்னது. தினமும் காலை ஏழு மணிக்கு, 'இன்று பாட்டுலகில்' என்று ஐந்து நிமிடம். இதே நாளில் பிறந்த பாடகர், வெளிவந்த இசைத்தட்டு, அடித்துக்கொண்டு பிரிந்த இசைக்குழு, விமான விபத்தில் போன கிதார்க்காரர். நேயர்கள் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார்கள். சில தேதிகளில் கூட்டம் நெரியும். பிறப்பும் சாவும் முண்டியடிக்கும். சில தேதிகள் வழித்துத் துடைத்த பாத்திரம் மாதிரி கிடக்கும். சென்ற ஆண்டு, இந்த மாதம் பதினொன்றாம் தேதி அப்படித்தான் கிடந்தது.

அப்போதுதான் அந்தப் பாடகர் நினைவுக்கு வந்தார். ஒரே பாட்டால் ஊரையே ஆடவைத்தவர். பிறகு ஆளையே காணோம். இருபது வருடம் ஒரு பாடகரைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை என்றால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'சில ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் காலமானார்' என்று எழுதி வாசித்தேன். குரலில் கொஞ்சம் கனமும் சேர்த்தேன்.

அன்றைக்கே போன் வந்தது.

"தம்பி, நான் காலமாயிட்டேன்னு சொன்னீங்களாமே? எதுல போனேன்? ரொம்பக் கஷ்டப்படலையே?"

நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பின்னாலிருந்து அவர் மகள் கத்தினாள்: "சிரிக்காதீங்கப்பா! சனிக்கிழமை நீங்க பாடுற ஓட்டல்ல அதுக்குள்ள வேற ஆளைப் போட்டுட்டாங்க. மரியாதையா மறுபடி ரேடியோவுல சொல்லச் சொல்லுங்க அந்தாளை!"

எங்கள் மேலாளரும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரு வரி மறுப்பு வாசிச்சுட்டுப் போயேன்ப்பா. உன் குடியா முழுகிடும்?"

முழுகும் என்பது அவருக்குப் புரியவில்லை. இந்தத் தேதி தப்பென்றால் மற்ற தேதிகளை யார் நம்புவார்கள்? தவிர, நேயர்கள் உருகி உருகிக் கடிதம் போட்டிருந்தார்கள். இத்தனை வருடம் சீந்தாத பாட்டை ஒரு வாரம் விடாமல் கேட்டு வாங்கினார்கள். அவர்களிடம் போய், 'அவர் ஓட்டலில் பாடிக்கொண்டிருக்கிறார்' என்று சொல்வது அவருக்குத்தான் மரியாதையா?

பாடகர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, இது ஒரு வரியில முடிக்கிற விஷயமா? அடுத்த வருஷம் இதே தேதியில நேரடி ஒலிபரப்பு. நீங்களே வந்து பாடுறீங்க. அதுவரைக்கும் வெளியில தலைகாட்டாதீங்க."

"செத்தவன் திரும்பி வந்து பாடுறானா? ஜோரா இருக்கும்ப்பா," என்றார். மகள் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஒரு வருடம் அவர் வாக்குத் தவறாமல் செத்திருந்தார். ஓட்டல் வேலை போனது போனதுதான். மகளின் துணிக்கடைச் சம்பளத்தில் வீடு ஓடியது. மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு மட்டும் பாடிக் காட்டுவார். குரல் போகவே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் பதினொன்றாம் தேதி, இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டில் வந்தார். சரக்கு இறக்க விடியற்காலையே வரச் சொல்லியிருந்ததால் மகளுக்குக் கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. லிஃப்ட்டில் 'பழுது' என்ற அட்டையை நானே மாட்டியிருந்தேன். படியேறினோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார். தோளில் கை வைத்தேன்.

"பரவால்ல தம்பி, நானே ஏறிடுவேன்," என்றார்.

தள்ளினேன்.

ஏழு மணிக்கு வாசித்தேன்: 'இதே நாளில் காலமானார்.' பிறகு அவருடைய பாட்டைப் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் காரியத்தைக் கெடுத்தார்கள். மறுநாள் விடியும்வரை அவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்களாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, அப்பா மெதுவாகச் சேர்ந்து பாடுகிறார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

நீங்கள் எழுதிய தாளில் இறந்த நாள் பன்னிரண்டு என்று இருக்கிறது. தள்ளியது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். தேதியை மட்டும் பதினொன்று என்று மாற்றிவிடுங்கள், சார். நேயர்களுக்கு நான் தவறான தகவல் தந்ததாக ஆகிவிடக் கூடாது.