றப்பர்

நயினாதீவுக்குப் போகும் லோஞ்சில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர்தான் தொடங்கினார்.

“லண்டனிலை என்ரை மகள் இப்ப றப்பராம்.”

“றப்பரோ? அங்கையும் தோட்டம் இருக்கோ அக்கா?”

“இல்லையடி. மேள அடிக்கு மூச்சு விடாமல் கதைக்கிறதுக்கு அப்பிடிப் பேர். எங்கடை பெட்டையளிலை இவள்தான் முதல் ஆளாம். சனம் எழும்பி நிண்டு ஆடுதாம்.”

“பாட்டில்லையோ?”

“கதைதான். கசெற் அனுப்பினவள். போட்டுக் கேட்டால், குசினி அடுப்படியிலை நிண்டு நான் அவளை ஏசினது முழுக்கக் கிடக்கு. எழும்பினியோ, சீப்பெடுத்துத் தலை இழுத்தியோ, ஆட்டுக்குக் குழை போட்டியோ… ஒண்டும் விடேல்லை.”

“ஐயோ, கோவம் வரேல்லையோ?”

“கோவமோ? அவளுக்கு வேகம் காணாது.”

சொன்னவர், அங்கேயே மூச்சு விடாமல் ஏசிக் காட்டினார். இறங்குதுறை வந்த பிறகும் லோஞ்சில் ஒருவரும் எழும்பவில்லை.