பெரிய டிரம் யாரு பேத்தி?

மனைவி: மொதல்ல அந்த நோட்ட உள்ள வைங்க.

கணவர்: எழுதணும்ல?

மனைவி: ஸ்கூல் விழாவுக்கு வந்தவங்க யாராவது நோட்டும் பேனாவுமா உக்காந்திருக்காங்களா? அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் கழட்டுங்க. தொப்பி, மப்ளர், கண்ணாடி... பேங்குக்குள்ள பூந்த ஆள் மாதிரி இருக்கு.

கணவர்: மெதுவா பேசு. இந்த ஒரு நாளுக்காக இருபத்திரண்டு வருஷ மீசைய எடுத்துட்டு வந்திருக்கேன்.

மனைவி: அது ஒரு விதத்துல நல்லதுதான். வாய் எங்க இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.

கணவர்: உனக்கு எல்லாம் விளையாட்டு. எங்க அறக்கட்டளையோட ஒன்பதாவது விதி என்னன்னு தெரியுமா?

மனைவி: தெரியும். கல்யாண நாள் தவிர எல்லா நாளும் சொல்லியிருக்கீங்க.

கணவர்: மார்க் போட வந்தவர் யாருன்னு, பேண்டு வாசிச்சு முடியறதுக்குள்ள, ஸ்கூல்ல ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போச்சு. வந்தது செல்லாது. அப்புறம் மூணு வருஷத்துக்கு அந்தப் பிள்ளைங்க மனுவே போட முடியாது. போன தடவ அந்தக் காலேஜ்ல நடந்ததுதான் உனக்கே தெரியுமே...

மனைவி: டீ விக்கிறவர் உங்களுக்கு வணக்கம் வெச்சாரு.

கணவர்: வணக்கம் வெச்சது கூடப் பரவால்ல. “அறக்கட்டளை சாருக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு”ன்னு கத்துனாரு பாரு!

மனைவி: சரி சரி. கால நிறுத்துங்க.

கணவர்: எந்தக் கால?

மனைவி: ரெண்டையும். பேண்டே இன்னும் வரல, அதுக்குள்ள தாளம் போடுது. இருங்க, என் பைய அது மேல வைக்கறேன்.

கணவர்: ஐயோ! உள்ள என்ன, அம்மிக்கல்லா?

மனைவி: தண்ணி, குடை, உங்க மாத்திர. கத்தாதீங்க.

கணவர்: என்னைய எழுதாதன்னுட்டு நீ மட்டும் என்ன எழுதற?

மனைவி: கடைச் சாமான் லிஸ்ட்டு. போற வழியில வாங்கணும். பொம்பள லிஸ்ட்டு எழுதினா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்.

பக்கத்து நாற்காலி: இங்க யாராவது வராங்களா? நான் உக்காரலாமா?

மனைவி: உக்காருங்க, உக்காருங்க.

பக்கத்து நாற்காலி: நல்ல எடமாப் பாத்து உக்காந்திருக்கீங்க. மைதானத்துலயே இங்க மட்டும்தான் நிழலு. இந்தாங்க சார், டீ. சக்கரை இல்லாதது.

கணவர்: எனக்குச் சக்கரை ஆகாதுன்னு உங்களுக்கு எப்படி...?

பக்கத்து நாற்காலி: அது... இன்னைக்கு எல்லாருக்குமே அதுதான் சார். சக்கரை தீந்துபோச்சு.

கணவர்: அந்தப் பக்கம் ஒருத்தர் நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கறாரே.

பக்கத்து நாற்காலி: அவர் வீட்ல இருந்து கொண்டு வந்திருப்பாரு. அப்புறம் சார், நாம... நாம சாதாரணமா பேசிக்கிட்டிருப்போமா?

கணவர்: பேசலாமே. நானும் சாதாரணமானவன்தான்.

மனைவி: ரொம்ப.

பக்கத்து நாற்காலி: பேண்டுல உங்க பிள்ளை எது சார்?

கணவர்: பிள்ளையா? என்... ஆங், அதோ வராங்களே... அந்தப் பெரிய டிரம்! அது என் பேரன்.

பக்கத்து நாற்காலி: அது பொண்ணு சார்.

கணவர்: பேத்தின்னுதான் சொன்னேன்.

பக்கத்து நாற்காலி: அது என் பொண்ணாச்சே!

மனைவி: இவரு கண்ணு கொஞ்சம் அப்படி இப்படி. அதுக்குப் பின்னாடி நிக்கிற பையனச் சொல்றாரு.

பக்கத்து நாற்காலி: பின்னாடி நிக்கிறது பேண்டு மாஸ்டருங்க.

மனைவி: ஓ. குள்ளமா இருந்தாரா...

பக்கத்து நாற்காலி: இல்லல்ல, இருங்க! தப்பு என் மேலதான். என் பொண்ணு இன்னைக்கு வரவே இல்ல. காய்ச்சல். அது உங்க பேத்தியேதான் சார்.

கணவர்: அப்படீங்கறீங்க?

பக்கத்து நாற்காலி: அச்சு அசல் உங்க ஜாடை.

கணவர்: மூஞ்சியே தெரியலையேம்மா. டிரம்முக்குக் கீழ ரெண்டு கால்தான் தெரியுது.

பக்கத்து நாற்காலி: கால் ஜாடைதான் சொன்னேன்.

மனைவி: அது சரி. உங்க பொண்ணுக்குக் காய்ச்சல்னா நீங்க ஏன் வந்தீங்க?

பக்கத்து நாற்காலி: எனக்குக் காய்ச்சல் இல்லயே... அதான் வந்தேன்.

கணவர்: உஷ்ஷ். ஆரம்பிக்கறாங்க. ம்... கிளாரினெட்டு அஞ்சு பேர். தேவலையே. மூணாவது பொண்ணு மூச்ச நல்லாப் புடிக்கிறா. பக்கத்துல இருக்கறவன் எடுக்கற எடத்துல எடுக்காம, முன்னாடியே...

மனைவி: தாத்தா மாதிரி பேசுங்க!

கணவர்: ம்? ஆமா... அடடா, எவ்வளவு சத்தமா ஊதுதுங்க, சமத்துக் குட்டிங்க.

மனைவி: வெங்காயம், ஏழு.

கணவர்: ஏழு கிலோவா? கடையா வைக்கப் போற?

பக்கத்து நாற்காலி: சார், இந்தப் பிள்ளைங்க பாவம் சார். நான் சும்மா பொதுவாத்தான் சொல்றேன். யாருக்கும் குறிப்பா சொல்லல. ஏதோ ஒரு அறக்கட்டளையாம். லாபம் எதுவும் பாக்காதவங்களாம். பள்ளிக்கூடம், காலேஜ்ல எந்த பேண்டு நல்லா வாசிக்குதோ அதுக்குப் பேர் பொறிச்சு ஒரு பலகை குடுப்பாங்களாம்.

கணவர்: அப்படி ஒண்ணு இருக்கா? நான் கேள்விப்பட்டதே இல்ல. கேள்வியேபட்டதில்ல. வாழ்க்கையிலயே.

மனைவி: போதும்.

பக்கத்து நாற்காலி: அந்தப் பலகை வந்தாத்தான் பேண்டு தப்பிக்கும் சார். இல்லன்னா இந்த வருஷத்தோட பேண்டு ரூம மூடிடப் போறாங்க. ஒடஞ்ச பெஞ்சு போட எடம் வேணுமாம். ஒடஞ்ச பெஞ்சு சார்! அதுக்காக அம்பது பிள்ளைங்கள வெளிய தள்றாங்க.

கணவர்: ஒடஞ்ச பெஞ்சுக்கா? எந்த மடையன் இப்படி... சரி, எனக்கென்ன. நான் ஒரு சாதாரணத் தாத்தா.

பக்கத்து நாற்காலி: ஐயையோ!

கணவர்: என்னாச்சு?

பக்கத்து நாற்காலி: டிராம்போன நீட்டினதுல, முன்னாடி இருக்கறவ தொப்பி பறந்துடுச்சு.

கணவர்: நல்லது. தொப்பி போனாப் போகுது, சுரம் சரியா விழுந்துச்சே.

மனைவி: தீப்பெட்டி, ஆறு.

கணவர்: வீட்ல லைட்டர் இருக்கு.

மனைவி: எரியறதில்ல.

கணவர்: காலையிலதானே...

மனைவி: நீங்க முன்னாடி பாருங்க!

கணவர்: பாக்கறேன். இப்ப இடது பக்கம் திரும்பணும். திரும்பறாங்க... டேய், கொடி புடிச்சவன் ஏன் வலது பக்கம் போறான்?

பக்கத்து நாற்காலி: அவனுக்கு இடது வலது கொஞ்சம்... கையில மைல எழுதி விட்டிருந்தோம். வேர்வையில அழிஞ்சிருக்கும்.

கணவர்: அவன் பின்னாடி கிளாரினெட்டு போகுது. டிரம்பெட்டும் போகுது. எல்லாரும் எங்க போறாங்க?

பக்கத்து நாற்காலி: சைக்கிள் ஸ்டாண்டுக்கு.

கணவர்: மாஸ்டர் என்ன பண்றாரு?

பக்கத்து நாற்காலி: அவரும் சைக்கிள் ஸ்டாண்டுக்குத்தான் ஓடறாரு. பின்னாலயே, குச்சிய ஆட்டிக்கிட்டு.

மனைவி: பக்கெட்டு, மூணு.

கணவர்: முடிஞ்சுது. போச்சு. ஆளுக்கு ஒரு தாளம், ஆளுக்கு ஒரு திசை. இனிமே சேரவே முடியாது... இரு. இரு இரு. அது என்ன சத்தம்?

மனைவி: பெரிய டிரம்மு.

கணவர்: மைதானத்து நடுவுல தனியா நிக்கிறா!

பக்கத்து நாற்காலி: அவளுக்கு டிரம்முக்கு மேல ஒண்ணும் தெரியாது சார். எல்லாரும் போயிட்டாங்கன்னே தெரியாது. கூடவே வராங்கன்னு நெனச்சு அடிச்சுக்கிட்டிருக்கா.

கணவர்: அந்த அடியப் பாரு! ஒரு இழை கூடல, ஒரு இழை குறையல. கேளு, டிரம்பெட்டு அவள புடிச்சிடுச்சு. கிளாரினெட்டும் புடிச்சிடுச்சு! சைக்கிளுக்கு நடுவுல நின்னுக்கிட்டே காலச் சரி பண்றானுங்க. இடது, வலது... வராங்க, வராங்க, திரும்பி வராங்க! பையை எடு, என் காலுக்கு வலிக்குது! இதுதாண்டி பேண்டு! இதத்தான்...

பக்கத்து நாற்காலி: என் பொண்ணுடா அது! எல்லாரும் பாருங்கடா, நடுவுல நிக்கறவ என் பொண்ணு! நான் பெத்தது!

மனைவி: நாற்காலி ஆடுது, கீழ எறங்குங்கம்மா.

பக்கத்து நாற்காலி: ஐயோ... தெரியாம... உங்க பேத்தி. உங்க பேத்தி நல்லா அடிக்கிறா சார்.

கணவர்: நீ என்ன இந்த நேரத்துலயும் எழுதிக்கிட்டே இருக்க?

மனைவி: சோப்பு விட்டுப்போச்சு.

கணவர்: எத்தன?

மனைவி: பத்து.

கணவர்: வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு! ...ஏம்மா. அது உங்க பொண்ணுன்னா, ஏன் என் பேத்தின்னு விட்டுக் குடுத்தீங்க?

பக்கத்து நாற்காலி: சும்மா... ஒரு மரியாதைக்கு.

கணவர்: பெத்த பொண்ண யாராவது மரியாதைக்கு விட்டுக் குடுப்பாங்களா?

பக்கத்து நாற்காலி: டீ ஆறிப்போச்சு சார், வேற வாங்கிட்டு வரவா?

கணவர்: உண்மையச் சொல்லுங்க. நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?

பக்கத்து நாற்காலி: தெரியாது சார். சத்தியமா தெரியாது. நீங்க அந்த அறக்கட்டளை கிளாரினெட்டு சாரே இல்ல.

கணவர்: போச்சு!

பக்கத்து நாற்காலி: சார், கோச்சுக்காதீங்க. உங்கள எல்லாருக்கும் தெரியும் சார். வாட்ச்மேனுக்குத் தெரியும். மைக்செட்டுக்காரருக்குத் தெரியும். நிழல்ல நாற்காலி போட்டதே உங்களுக்குத்தான். நாலு நாளா ஒத்திகை நடந்துச்சு சார்.

கணவர்: பேண்டுக்கு நாலு நாள் பத்தாதும்மா.

பக்கத்து நாற்காலி: பேண்டுக்கு இல்ல சார். உங்களக் கண்டுக்காம இருக்கறதுக்கு.

கணவர்: என்னது?

பக்கத்து நாற்காலி: தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா செல்லாதுன்னு சொன்னாங்க. அதனால வாட்ச்மேன் உங்க மாதிரியே தொப்பி போட்டுக்கிட்டு உள்ள வருவாரு, நாங்க எல்லாரும் வேற பக்கம் பாப்போம். இந்த மாதிரி எட்டு தடவ. யாருக்கு நடிப்பு நல்லா வந்துச்சோ அவங்கள உங்க பக்கத்துல உக்கார வெக்கலாம்னு முடிவு பண்ணாங்க.

மனைவி: அது நீங்களா?

பக்கத்து நாற்காலி: மத்தவங்க இன்னும் மோசம் மேடம்.

கணவர்: ஆனா மீச... மீசைய எடுத்திருந்தேனே?

பக்கத்து நாற்காலி: கால் தாளம் போட்டுச்சே சார். நீங்க கேட்டுக்குள்ள வரும்போதே.

கணவர்: அவங்க முடிக்கறாங்க. கேட்டியா? கடைசி சுரம்... சேந்து நின்னுட்டாங்க. எல்லாரும் ஒண்ணா. இவ்வளவு பண்ணியும்... என்னம்மா நான் செய்வேன்? செல்லாதுன்னுதான் எழுதணும்.

பக்கத்து நாற்காலி: சார், நான் எதுவுமே சொல்லலன்னு வெச்சுக்கோங்க சார்.

கணவர்: சொல்லிட்டீங்களேம்மா. விதின்னு ஒண்ணு இருக்கே. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலே செல்லாது. இங்க மைக்செட்டுக்காரருக்கே தெரிஞ்சிருக்கு.

பக்கத்து நாற்காலி: எல்லாம் என் வாய்தான். அம்பது பிள்ளைங்க உழைச்சத நான் ஒருத்தி கத்திக் கெடுத்துட்டேன். அவகிட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்...

மனைவி: ஒண்ணும் சொல்ல வேணாம். போய்ப் பொண்ணுக்குத் தண்ணி குடுங்க. அந்த டிரம்ம தோள்லேர்ந்து எறக்கி விடுங்க, பாவம். போங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்.

பக்கத்து நாற்காலி: நெஜமாவா மேடம்?

மனைவி: போங்கங்கறேன்ல. அழுத மூஞ்சியோட போகாதீங்க.

கணவர்: ...எதுக்கு அந்தம்மாவுக்கு ஆசை காட்டுற? நான் அந்த ஃபாரத்துல பொய் எழுத மாட்டேன்.

மனைவி: எழுத வேணாம். செல்லாதுன்னே எழுதுங்க.

கணவர்: எழுதினா ரூம்ல ஒடஞ்ச பெஞ்சு வந்துடுமேடி! அந்தப் பொண்ணு அடிச்ச அடி இன்னும் இங்க, நெஞ்சுக்குள்ள கேக்குது. எனக்கு அழுகையே வருது.

மனைவி: மீசை இல்லாம அழாதீங்க, பாக்க முடியல. இந்தாங்க, இந்த லிஸ்ட்டப் படிங்க.

கணவர்: கடைக்குப் போற நேரமா இது?

மனைவி: படிங்கன்னா.

கணவர்: வெங்காயம் ஏழு. தீப்பெட்டி ஆறு. பக்கெட்டு மூணு... சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனப்ப எழுதினது. சோப்பு பத்து... அந்தப் பொண்ணு... ஏய். இது லிஸ்ட்டா, மார்க்கா?

மனைவி: பேண்டு வாசிச்சு முடிஞ்சிருச்சுல்ல? இனிமே சொல்லலாம், விதி ஒன்பது ஒத்துக்கும். ஆறு வருஷம் முன்னாடி உங்க தலைவரம்மா நம்ம வீட்டுக்கு வந்தாங்க. நீங்க குளிச்சிக்கிட்டிருந்தீங்க. “உங்க வீட்டுக்காரரப் பாத்தா எல்லா ஸ்கூலுக்கும் தெரிஞ்சுடுது, ஆனா நிறுத்திக்கோங்கன்னு சொல்ல மனசு வரல”ன்னாங்க. சரி, அவரே போகட்டும், எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டிருக்கட்டும், பக்கத்துல இருக்கறவள எவன் பாக்கப் போறான்னு நான்தான் சொன்னேன்.

கணவர்: ஆறு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்த...

மனைவி: ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே விதி. அந்த ஒருத்தர்ல நீங்களும் உண்டு.

கணவர்: அப்ப நான் பக்கம் பக்கமா எழுதி அனுப்பினதெல்லாம்?

மனைவி: பத்திரமா வெச்சிருக்காங்க. தனி அலமாரியாம்.

கணவர்: படிப்பாங்களா?

மனைவி: நல்ல அலமாரி. பூட்டெல்லாம் போட்டது.

கணவர்: அப்ப பிள்ளைங்களுக்கு...

மனைவி: பலகை உண்டு. பக்கெட்டுல விட்டத சோப்புல புடிச்சுட்டாங்க.

கணவர்: அதெல்லாம் சரி. நல்லா இருக்கட்டும், சந்தோஷம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. நீ ஒரு வாத்தியத்தையும் தொட்டது இல்ல. ஒரு நாள் படிச்சது இல்ல. எது சரி, எது தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: முப்பத்தொரு வருஷமா பக்கத்து ரூம்ல உங்க கிளாரினெட்டக் கேட்டிருக்கேன். தப்பு எப்படி இருக்கும்னு என்னை விட யாருக்குங்க தெரியும்?