நல்லி எலும்பு சூப்பு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் சூடான தூக்குவாளி.

“ரத்தம் எலும்புக்குள்ளதான் ஊறுதாம் மச்சான். டாக்டர் சொன்னாரு. அதான் நல்லி எலும்பாப் பாத்து சூப்பு வச்சேன்.”

பக்கத்தில் செம்மங்குப்பம் கம்பெனிச் சட்டை போட்டிருந்தவர் கேட்டார். “அக்காவ டெங்கு காய்ச்சல்னுதானே மாமா ஆஸ்பத்திரியில சேத்தீங்க?”

“அந்த வைரஸ் எலும்பு மஜ்ஜையில பூந்துகிச்சாம். புதுசா ரத்த அணு உண்டாவல. பிளேட்லெட் எறங்கிகினே இருக்குது.”

“சூப்பு குடிச்சா ஏறுமா?”

“ஏறாதாம். வைரஸ் ஒழிஞ்சா மஜ்ஜை தானா வேலை செய்யுமாம். அதுவரைக்கும் நாம பண்றதுக்கு ஒண்ணும் இல்லன்னாரு.”

“அப்பறம் எதுக்கு மாமா இது?”

வேகத்தடையில் பஸ் குலுங்கியது. அவர் தூக்குவாளி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வெறுங்கையோட எப்படி மச்சான் போயி நிக்கிறது?”