அம்மாவுக்கு முடியலை சார்

போனில் பொய்யாக இருமுவது லேசான வேலை இல்லை. உண்மையான இருமல் பேச்சின் நடுவில் வரும், சொல்ல வந்த வார்த்தையை விழுங்கிவிடும். பொய் இருமல் மரியாதை தெரிந்தது, நாம் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வரும். பதினோரு வருடம் விடியற்காலையில் லீவு கேட்டு வரும் போன்களை எடுத்தவன் என்ற முறையில் இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் கேட்பது சோடாபுட்டியின் அம்மாவைப் பற்றி என்று தெரியும். படியில் அவரே தவறி விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா, அதுதானே? சொல்கிறேன். ஆனால் எங்கள் லாண்டரி எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் என்னை ஏதோ கிறுக்கன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்களுக்கு ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் வருகிறது. துவைத்த பெட்ஷீட்டைச் சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் இஸ்திரி போட்டு வெளியே வரும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உள்ளே விடுவார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய ஜோடி ஒற்றை ஆளாக இரண்டு மூலையையும் இழுக்க வேண்டும். சாயங்காலம் தோள் கழன்றுவிடும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். உடம்பு முடியாதவர் ஆறு மணிக்குள் சூப்பர்வைசரான எனக்குப் போன் செய்ய வேண்டும். பெண்டாட்டி பேசக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது. யாருக்கு என்ன நோய் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி நான் நோட்டில் எழுதுவேன்.

உண்மையிலேயே முடியாதவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நானே போய்ப் பார்ப்பேன். எனக்கு ஆகாதது பொய் ஒன்றுதான். என் கையெழுத்தில் ஒரு பொய் நோட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

முதலில் மடிப்பு அக்கா. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வலது கை சுளுக்கு என்று லீவு சொன்னார். அன்று சாயங்காலம் அதே கையில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு யாருடனோ சிரித்துப் பேசியபடி கடைத்தெருவில் போனார். பத்து நாள் கழித்து ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன், அவர் கை சுவரோரம் இருந்தது. அந்த வண்டி முந்நூறு கிலோ வரும். சுளுக்கு என்றுதான் எழுதியிருந்தேன், மூன்று விரல் உடைந்தது, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. எலும்பு உடைகிற சத்தம் பெரிதாகக் கேட்காது சார், அவர் கத்தியதுதான் கேட்டது. ஆரஞ்சோடு வீட்டுக்குப் போனபோது, "இத்தனை பேர் இருக்காங்க, நீங்க ஒருத்தர்தாண்ணே வந்து பார்த்தீங்க" என்று கண்கலங்கினார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்து வேன் டிரைவர். வயிறு சரியில்லை என்றார். மச்சான் வீடு மாறுவதற்குச் சாமான் ஏற்றப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவருடைய டீ பிளாஸ்க்கில் கறை எடுக்கிற மருந்தைக் கொஞ்சம் விட்டேன். கொஞ்சம்தான். ரத்தமாக வாந்தி எடுத்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் படுத்திருந்தது நாங்கள் துவைத்த பெட்ஷீட். நான் போனபோது மூலையில் ஒரு சுருக்கம் இல்லை, கவனித்தேன்.

சோடாபுட்டி உருளையில் துணி விடுகிறவன். முப்பது வயதிருக்கும், அம்மாவும் அவனும் மட்டும்தான். ஆவியில் கண்ணாடி மங்கி மங்கித் துடைத்துக்கொண்டே இருப்பான். ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்குப் போன் வந்தது.

"சார், அம்மாவுக்கு முடியலை சார். படியில விழுந்துட்டாங்க. கால் உடைஞ்சிருச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "தலையிலயும் அடி சார்."

பொய் சொல்கிறவர்களின் கெட்ட பழக்கம் இது, ஒன்றோடு விட மாட்டார்கள். அவன் காலோடு நிறுத்தியிருந்தால் அந்த அம்மா இன்றைக்குக் கம்பை ஊன்றிக்கொண்டாவது நடந்துகொண்டிருப்பார்.

பத்து மணிக்கு ஆரஞ்சுப் பையோடு அவன் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் இல்லாத கட்டிடம், மூன்றாவது மாடி. அந்த அம்மாவே கதவைத் திறந்தார். கையில் பாதி உரித்த வெங்காயம், கால் இரண்டும் ஒழுங்காக இருந்தது. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன். எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. மகன் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிற புதுக் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். டீ போட்டுக் கொடுத்து, அவன் எவ்வளவு பொறுப்பானவன் என்று கால்மணி நேரம் பேசினார். பிறகுதான் நான் யார், அவன் என்ன சொல்லி லீவு போட்டான் என்று சொன்னேன்.

அவர் முகம் சின்னதாகிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"அவனை வேலையை விட்டு எடுத்துராதீங்க தம்பி. அந்த வேலை கிடைக்குமோ கிடைக்காதோ. நான் விழுந்ததாவே இருக்கட்டும். யாராவது கேட்டா நானும் அப்படியே சொல்லிடறேன்."

இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். விழுந்ததாகவே இருக்கட்டும் என்று சொன்னது அவர், நான் கட்டாயப்படுத்தவில்லை.

கிளம்பும்போது வழியனுப்ப வெளியே வந்தார். "எந்தப் படின்னு காட்டுங்கம்மா, எழுதணும்" என்றேன். விளிம்புக்கு வந்து கீழே கை காட்டினார். முதுகில் ஒரு கை வைத்தேன், அவ்வளவுதான். பதினான்கு படி உருண்டு, திருப்பத்தில் சுவரில் மோதி நின்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவன் சொன்னதில் கால் சரி. தலையில் ஒரு கீறல் இல்லை. கால் வழுக்கிவிட்டது என்றே அவர் நினைத்திருக்க வேண்டும், என்னைப் பார்த்து, "தம்பி, கையைக் குடுங்க" என்றார்.

தலைமுடியைப் பிடித்துப் படியின் விளிம்பில் அடித்தேன். முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவதில் மண்டை உடைந்தது கையிலேயே தெரிந்தது. மூன்றாவது தேவையில்லாதது, ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் நான் இன்னும் நிதானமாக இருந்திருக்கலாம். ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வாசலில் கீழ்வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், வணக்கம் சொன்னேன்.

நாலு நாள் நினைவில்லாமல் கிடந்து அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் சோடாபுட்டி என் தோளில் சாய்ந்துகொண்டு, "என் வாயாலதான் சார் போயிட்டாங்க. பொய் சொன்னேன், பலிச்சிருச்சு" என்று அழுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை, முதுகைத் தட்டிக் கொடுத்தேன். புது வேலை கிடைத்தும் அவன் போகவில்லை. ஒரு மாதமாக ஒரு நாள் லீவு கிடையாது. போன வாரம் உடம்பு கொதிக்கிற காய்ச்சலோடு வந்து நின்றான். வீட்டுக்குப் போ என்று நானே சொன்னேன், கேட்கவில்லை. உருளைச் சூட்டில் நின்று, யாரும் பார்க்காதபோது தன் வாயில் தானே அறைந்துகொள்கிறான். மற்றபடி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

சாவு வீட்டில் கீழ்வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உங்களிடம் வந்து சொல்ல அவருக்கு ஒரு மாதம் பிடித்திருக்கிறது. பரவாயில்லை, பயந்த சுபாவம் போல.

சோடாபுட்டி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்கிறீர்கள். கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவன் வாய் பலிக்கவில்லை, தள்ளியதும் அடித்ததும் நான்தான். அவன் மனசு ஆறட்டும். நாளைக்கே லீவு கேட்பான், அது வேறு விஷயம்.

இன்னொன்று கேட்டீர்கள், வேலை நாளில் பத்து மணிக்கு நான் எப்படி அங்கே இருந்தேன் என்று. மேனேஜர் உங்களிடம் சொல்லியிருப்பாரே. ஐந்தே முக்காலுக்கு அவருக்குப் போன் செய்து, நெஞ்சு வலி, இன்றைக்கு வர முடியாது என்றேன். இல்லை சார், எனக்கு நெஞ்சில் ஒன்றும் கிடையாது, போன மாதம்தான் டாக்டர் பார்த்தார். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. தயவுசெய்து அதை மற்றவர்கள் சொன்னதோடு சேர்க்காதீர்கள். அவர்களெல்லாம் சொந்த வேலைக்காக லீவு போட்டவர்கள், நான் கம்பெனி வேலையாகத்தான் போனேன்.