யோர்தான் கரையில் நிற்பவர்

எடிசன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பியதும் முன் இருக்கையில் தமிழ் கேட்டது. சர்ச் ஆட்களை எருசலேமுக்குக் கூட்டிப் போகும் கைடு ஒருவர், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“பதினோரு தடவை போயிருக்கேன்மா. யோர்தான் ஆத்துல ஒரு தடவைகூட முங்கினதில்ல.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“ஏன் அங்கிள்?”

“எல்லாரும் முங்கறப்போ வாட்ச், கண்ணாடி, பாஸ்போர்ட்னு எல்லாத்தையும் என் கையில குடுத்துடுவாங்க. நான் கரையிலயே நிப்பேன். எல்லாரும் ஏறி வந்ததும் பஸ் கிளம்பிடும்.”

“அடுத்த தடவை முதல்ல நீங்க இறங்கிடுங்க.”

“இப்போ அங்க சண்டை. ட்ரிப்பையே கேன்சல் பண்ணிட்டாங்க.”

“சண்டை என்னிக்காவது முடியுமில்ல அங்கிள்?”

“முடியும்மா.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் கண்ணாடிய வாங்கி வெச்சுக்கத்தான் ஒரு ஆள் வேணும்.”