மூன்று நிமிடத் தாமதமும் ஒரு சறுக்கல் பக்கமும்

அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை நம் பள்ளி மணி மூன்று நிமிடம் தாமதமாக அடித்தது. சேதம் எதுவும் இல்லை. மூச்சிரைக்க ஓடிவந்த ஏழாம் வகுப்புத் தம்பிகள் மட்டும் அனாவசியமாக ஓடியிருக்கிறார்கள்.

இரங்கல் கூட்டத்தில் இதை ஏன் சொல்கிறான் என்று தலைமையாசிரியர் ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். வருகிறேன் ஐயா, அங்கேதான் வருகிறேன்.

தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, டீச்சரின் கைப்பையை மடியில் வைத்தபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் ஐயா அவர்களே, பெற்றோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

கடைசி வகுப்பின் சார்பில் பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்னை? நம் பள்ளியின் தானியங்கி மணியைச் செய்தவன் நான்! பழைய சுவர்க்கடிகாரத்தின் முள் உரிய இடத்தைத் தொட்டால் மணி தானாக அடிக்கும். ஐந்து மாதம் ஒரு நொடி பிசகியதுண்டா? பக்கத்துப் பள்ளிக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இன்று நாம் கூடியிருப்பது நம் அறிவியல் ஆசிரியைக்காக. ஆறு நாட்களுக்கு முன் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குப் போனவர், மறுநாள் திரும்பி வரவில்லை. 'அப்புறம் டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தோமே, அந்த டீச்சர். நாம் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்டு நம்மை மாட்டிவைப்பாரே, அந்த டீச்சர்!

கடைசி வகுப்பில் ஆளுக்கொரு பொருளைச் சொந்தமாகச் செய்து முடிக்க வேண்டும் என்று கொண்டுவந்தவர் அவர். அது மட்டும் என்றால் தப்பித்திருப்போம். செய்து முடித்ததும் ஒரு பக்கம் எழுத வேண்டும். "இங்கேதான் சறுக்கினேன்" என்று அது தொடங்க வேண்டும். செய்த பொருளின் பக்கத்தில் நின்று எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். அதுதான் சறுக்கல் பக்கம்.

எங்கள் வகுப்புக் குட்டச்சி தண்ணீர் வடிகட்டி செய்தாள். உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வந்தது கறுப்பு! அரங்கமே சிரித்தது. "கரியைக் கழுவாம போட்டுட்டேன் டீச்சர்" என்று அழுதுகொண்டே படித்தாள். இந்த ஆண்டின் முதல் மதிப்பெண் யாருக்கு? அவளுக்கு! "சுத்தமான தண்ணி கடையிலயும் கிடைக்கும். ஏன் கறுப்பா வந்துச்சுன்னு இவ ஒருத்திதான சொன்னா" என்றார் டீச்சர்.

நமக்கு மட்டுமா சட்டம்? ஆண்டு முடிவில் தன் சறுக்கல் பக்கத்தையும் ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டுவார். "மூன்றாம் பெஞ்சுக்காரனுக்கு ஆணி அடிக்கவே வராது என்றேன். அவன் செய்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்" என்று ஒட்டினாரே, எத்தனை பேர் படித்தோம்!

சற்று முன் தலைமையாசிரியர் ஐயா பேசும்போது, அடுத்த ஆண்டும் பொருள் செய்வது தொடரும், எழுதுவது மட்டும் வேண்டாம் என்றார். "மணியையே பாருங்களேன். அந்தப் பையன் ஒரே ஒரு வரிதான் எழுதினான். மணி ஓடாமலா போச்சு?" என்றார்.

ஐயா, டீச்சரின் பக்கத்தை ஒழிக்க என் மணியா சாட்சி?

உண்மைதான், ஒரே வரி. "நான் எங்கும் சறுக்கவில்லை." அவ்வளவு திமிர். டீச்சர் திட்டவில்லை. மதிப்பெண்ணும் போடவில்லை. கீழே பென்சிலால் "காத்திருக்கிறேன்" என்று எழுதித் திருப்பித் தந்தார். அந்தத் தாள் இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் இன்று காலை எழுதியதைப் படிக்கிறேன்.

இங்கேதான் சறுக்கினேன். என் கடிகாரம் நாளுக்கு அரை நிமிடம் பின்தங்கும். முதல் வாரமே தெரியும். ஏன் என்று தேடவில்லை. தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, பெஞ்சில் ஏறி, முள்ளை அரை நிமிடம் தள்ளி வைத்தேன். ஐந்து மாதமாக ஓடியது மணி இல்லை, நான். இந்த ஆறு நாளும் சீக்கிரம் வர எனக்கு மனசில்லை. அதுதான் இன்றைய மூன்று நிமிடம்.

ஐயா, இந்தப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் என்னைப் போல ஒவ்வொருவனும் ஒரு பெஞ்சில் ஏறி நிற்பான். கடைசி வகுப்பு சார்பில் சொல்கிறேன்: அடுத்த ஆண்டுத் தம்பி தங்கைகள் படிக்கும்போது கேட்க நாங்கள் வந்து உட்காருவோம். "அப்புறம்?" என்று நாங்கள் கேட்போம். நாளை மணி மூன்றரை நிமிடம் தாமதமாக அடிக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை முள்ளைத் தொடமாட்டேன். தாமதமாக வருகிறவர்கள் அதுவரை அனுபவியுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு நாள் காலையில், நான் பெஞ்சின் மேல் நிற்கும்போது டீச்சர் வந்துவிட்டார்.

"என்னடா பண்ற மேல?"

"தூசி தட்றேன் டீச்சர்."

"தினமுமா?"

"தினமும் சேருது டீச்சர்."

"சரி. அப்புறம்?"

நான் சட்டை நுனியால் கடிகாரத்தைத் துடைத்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

டீச்சர், அது தூசி இல்லை.