மிதிச்சாத்தான் கப்பல் பறக்கும்

— பெடல் நின்னு போச்சு.

— நிக்கல. மெதுவாப் போகுது.

— நின்னாச்சு. படத்தையும் நிறுத்திட்டேன்.

— அடியே! கேப்டன் இப்பத்தான் கதவுகிட்ட போனாரு... அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு...

— ஒரு ஆளு நின்னு கயிறு பிடிச்சு இழுக்கிறான். போன வாரமே அவன் நிழல் தெரிஞ்சுது. மிதிங்க.

— அந்தக் காலத்துல டிவியில விண்வெளிக் கப்பல் சீரியல்னா எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அஞ்சாங்கிளாஸ் படிக்கிறப்ப பக்கத்து வீட்டு ஜன்னல்ல தொங்கிக்கிட்டு...

— வரலாறு அப்புறம். மிதிச்சாத்தான் கப்பல் பறக்கும். இதுதானே நமக்குள்ள பேச்சு?

— நமக்குள்ளயா? நீயே பேசி நீயே முடிவு பண்ணுனே.

— வேற என்ன பண்றது? டிவி முன்னாடி உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கிறீங்க. சைக்கிள்ல உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுறீங்க. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வச்சேன். ரிமோட்டை நான் எடுத்துக்கிட்டேன். என்ன தப்பு?

— சரி... மிதிக்கிறேன்... போடு.

— இன்னும் கொஞ்சம் வேகம்.

— போடும்மா, மூச்சு வாங்குது...

— ம். பறக்குது உங்க கப்பல்.

— ஆஹா... பாரு... அந்த மிருகம் வர்றதைப் பாரு!

— மெத்தைப் பஞ்சுக்குப் பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்காங்க. முதுகுல தையல் பிரிஞ்சிருக்கு.

— உனக்கு ரசனையே கிடையாது.

— எனக்கா? மூணு மாசமா சாயங்காலம் ஆனா உங்களோட சேர்ந்து இந்தக் கண்றாவியைப் பார்க்கிறேன். எண்பத்திநாலு எபிசோடு! போன வாரம் எங்க அக்கா போன் பண்ணினா, "இருடி, கேப்டன் தரை இறங்கட்டும், அப்புறம் பேசுறேன்"னு வச்சுட்டேன். அவ எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டா.

— ஹ... ஹஹ...

— சிரிக்காதீங்க. சிரிச்சா காலு நிக்குது. காலைல எடை எவ்வளவு சொன்னேன்?

— அதை ஏன் இப்ப...

— எவ்வளவு?

— நூத்திமூணு.

— போன சனிக்கிழமை?

— நூத்திமூணு.

— அதுக்கு முந்தின சனிக்கிழமை?

— விடேன். ஆறு வாரமா நூத்திமூணு. நான் என்ன பண்ணட்டும்? உடம்பு அங்கேயே உக்காந்துக்கிச்சு.

— நாளைக் கழிச்சு திங்கக்கிழமைங்க. கம்பெனி மெடிக்கல். நூறு கிலோவுக்கு மேல இருக்கிறவனை கிரேன் கேபின்ல ஏத்த மாட்டேன்னு அந்த சேஃப்டி ஆபீசர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு.

— தெரியும்.

— தெரிஞ்சா மட்டும் போதுமா? இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான், நிரந்தரமா கீழேதான். காலம் பூரா ஸ்டோர் ரூம்ல நட்டும் போல்ட்டும் எடுத்துக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

— உக்காந்தா உக்காந்துட்டுப் போறேன்...

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணும் இல்ல. பெல்ட்டுல புது ஓட்டை போட்டும் பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குதே, அது எப்படின்னு யோசிச்சேன்.

— அது... துவைச்சுத் துவைச்சுத் தொளதொளன்னு ஆயிடுச்சு. பேச்சை மாத்தாதீங்க. பதினாலு வருஷமா மேகத்துல உக்காந்து வேலை பார்த்த மனுஷன், ஸ்டோர்ல உக்காந்தா நல்லாவா இருக்கும்? எங்க ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த மஞ்சள் கிரேன் தெரியுதுல்ல, அதுக்குள்ள ஒரு புள்ளி தெரியுதுல்ல, அதுதான் எங்க வீட்டுக்காரர்னு ஜன்னல்ல நின்னு காட்டியிருக்கேன்.

— எல்லாருக்குமா காட்டுனே?

— கூட்டித் துடைக்கிற அம்மா வரைக்கும்.

— ம்...

— என்ன ம்? காலு!

— போகுது, போகுது.

— போகலை. சரி, ஒரு விஷயம் கேக்கணும். கோவப்படாமப் பதில் சொல்லுங்க.

— நீ கோவத்தோட கேக்குற மாதிரி இருக்கே.

— மத்தியானம் உங்க ஹெல்மெட்டை எடுத்தேன்.

— எந்த ஹெல்மெட்டை?

— எத்தனை இருக்கு உங்களுக்கு? பீரோ மேல கவுத்து வச்சிருந்த மஞ்சள் ஹெல்மெட். திங்கக்கிழமை மேல ஏறுறப்ப பளபளன்னு இருக்கட்டுமேன்னு துடைக்க எடுத்தேன். தலையில கொட்டுச்சு.

— என்ன... என்ன கொட்டுச்சு?

— நாலு க்ரீம் பிஸ்கட் பாக்கெட். ரெண்டு கேக்கு. பாதி தின்ன சாக்லேட், பல் அடையாளத்தோட.

— யாரோ வச்சிருப்பாங்க...

— யாரு, அந்த மெத்தைப் பஞ்சு மிருகமா?

— பசிக்குதும்மா. நீ போடுறது வேகவச்ச காயும் வெந்நீரும். மனுஷன் எப்படி...

— பசிச்சா ஒரு பிஸ்கட் தின்னலாம். இது ஸ்டாக் வச்சுத் தின்ன மாதிரி இருக்கு! நான் இங்க எனக்கு வாங்குற சக்கரையைக் கூட நிறுத்திட்டு கசப்புக் காப்பி குடிக்கிறேன், நீங்க பீரோ மேல பேக்கரி நடத்துறீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு...

— மிதிக்கிறேன் பாரு. வேகமா மிதிக்கிறேன். படத்தைப் போடு.

— போடுறேன். ஆனா இது வேண்டாம். அறுபத்தேழாவதைப் போடப் போறேன்.

— அது... அது வேண்டாம்.

— ஏன்? மூணு தடவை தள்ளிவிடச் சொன்னீங்க. நல்லா இல்லன்னீங்க. பார்க்காமலே எப்படி நல்லா இல்லன்னு தெரியும்?

— சின்ன வயசுல பார்த்ததுதான். போர் அடிக்கும். வேற போடு.

— இதுதான் இன்னைக்குத் தண்டனை. இந்தா, வந்துடுச்சு. கப்பலுக்கு வெளியில ஏதோ கம்பி உடைஞ்சு போச்சாம்... கேப்டன் கயிறு கட்டிக்கிட்டு வெளியில இறங்குறாரு... கீழ ஒண்ணுமே இல்ல, இருட்டு...

— நிறுத்து.

— இப்பத்தானே ஆரம்பிச்சுது?

— நிறுத்துன்னு சொல்றேன்ல!

— நிறுத்திட்டேன். என்னங்க... ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? மிதிச்சு இப்படி வேர்த்ததே இல்லையே?

— ஒண்ணும் இல்ல.

— என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க.

— காத்தடிச்சுதே ஒரு நாள். மூணு மாசம் முன்னாடி.

— வயித்து வலின்னு வந்து படுத்தீங்களே, அன்னைக்கா?

— வயித்து வலி இல்ல.

— பின்ன?

— கொக்கியில கம்பிக் கட்டு தொங்குது. கீழ ஆளுங்க நிக்கிறாங்க. திடீர்னு காத்து. கேபின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்... ஆடுறது புதுசில்ல. பதினாலு வருஷமா ஆடுது, நானும் பாட்டு கேட்டுக்கிட்டு ஆடுவேன். அன்னைக்கு என்னன்னு தெரியல. லீவர்லேர்ந்து கை வரல.

— வரலைன்னா?

— ஒட்டிக்கிச்சு. வாக்கிடாக்கியில கத்துறாங்க, இறக்கு இறக்குன்னு. வாயைத் திறக்கிறேன், பேச்சு வரல. அப்படியே இருபது நிமிஷம். கீழ நிக்கிறவன் தலைக்கு மேல இத்தனை டன்னு இரும்பு தொங்குது, நான் மேல கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்.

— ஐயோ...

— எப்படியோ இறக்கினேன். வாக்கிடாக்கி ரிப்பேர்னு சொல்லிட்டேன். ஏணியில இறங்குறப்ப ஒவ்வொரு படிக்கும் கண்ணை மூடிக்கிட்டு... சின்னப் புள்ள மாதிரி.

— மூணு மாசமா இதை உள்ளுக்குள்ளயே வச்சிருந்தீங்களா? ஒரு வார்த்தை என்கிட்ட...

— யாருகிட்ட சொல்றது? நீ ஜன்னல்ல நின்னு ஊருக்கே புள்ளியைக் காட்டிக்கிட்டு இருக்கே.

— அதுக்காக? எனக்குப் புள்ளியா முக்கியம்? ஆளு முக்கியம்ங்க!

— அதை இப்ப சொல்றே. அடுத்த வாரமே அந்தப் புது ரூல் வந்துச்சு. எல்லாரையும் நிக்க வச்சு எடை பார்த்தாங்க. நூத்திப்பன்னெண்டு, மூணு மாசம் கீழ இருந்து உடம்பைக் குறைச்சுட்டு வான்னாங்க. எல்லாரும் ஐயோ பாவம்னாங்க. எனக்கு அந்த எடை மெஷினைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கலாம் போல இருந்துச்சு.

— அப்புறம் நான் ஓடிப்போய் சைக்கிள் வாங்கிட்டு வந்தேன்.

— நீ வாங்கிட்டு வந்தே. நான் என்னன்னு சொல்லி மாட்டேன்னு சொல்லுவேன்? ஏறி உக்காந்தேன். நல்லவேளை, கப்பலாவது இருந்துச்சு.

— அதனாலதான் பிஸ்கட்டா?

— ஆமா. நீ எடை பார்த்துச் சொல்லுவே. இறங்குற மாதிரி இருந்துச்சுன்னா ஒரு பாக்கெட் ஜாஸ்தி. அப்படியே நூத்திமூணுல பிடிச்சு வச்சிருக்கேன். சும்மா இல்ல, அதுக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும்.

— பெருமை வேறயா இதுல!

— கேளு முழுசா. திங்கக்கிழமை மெஷின் நூத்திமூணு காட்டும். குறைக்க முடியல சார்னு நானும் தலையைத் தொங்கப் போடுவேன். ஸ்டோர்ல போட்டுருவாங்க. பசங்க குண்டன்னு சிரிப்பானுங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். பயந்தாங்கொள்ளின்னு சிரிக்க மாட்டானுங்கல்ல? அதுதான் வேணும் எனக்கு. இன்னும் ரெண்டே நாள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஏய், அழறியா?

— இல்ல.

— திட்டணும்னா திட்டிடு. சும்மா இருக்காதே, பயமா இருக்கு.

— சைக்கிளை விட்டு இறங்குங்க.

— என்னது? நீயா இறங்கச் சொல்றே?

— இறங்குங்க முதல்ல. இனிமே ஒரு மிதி மிதிக்கக் கூடாது.

— ஏய்... ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? என்ன பண்ணினே?

— எடை பார்க்கிறப்ப நான் என்ன சொல்லுவேன்?

— நேரா நில்லு, சுவத்தைப் பாரு, குனிஞ்சா முள்ளு ஆடும்னு சொல்லுவே.

— குனிஞ்சா முள்ளு ஆடாதுங்க.

— அப்புறம் ஏன்...

— ஆறு வாரம் முன்னாடி நெசமாவே நூத்திமூணு வந்துச்சு. நீங்க உடனே கொஞ்சம் அசால்ட்டா ஆயிட்டீங்க. அதுக்கப்புறம் குறைஞ்சதையெல்லாம் சொன்னா இன்னும் மெத்தனமா ஆயிடுவீங்கன்னு... திங்கக்கிழமை வரைக்கும் விடாம மிதிக்கட்டும்னு...

— என்னடி சொல்றே?

— கேப்டன் சண்டை போட்டா உங்க காலு தன்னால பறக்குதுங்க. உங்களுக்கே தெரியல. நாலு பாக்கெட் பிஸ்கட்டெல்லாம் அதுக்கு எந்த மூலைக்கு?

— அப்போ... காலைல முள்ளு எதுல நின்னுச்சு?

— தொண்ணூத்தேழு. இன்னைக்குக் காலைலகூட உங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கிட்டே நூத்திமூணுன்னு சொன்னேன்... திங்கக்கிழமை அந்த மெஷின் உங்களைக் காப்பாத்தாதுங்க, நேரா ஏணிக்குத்தான் அனுப்பும். எந்திரிங்க, சட்டையைப் போடுங்க. சேஃப்டி ஆபீசர் வீட்டுக்கு இப்பவே போயிடுவோம். பயமா இருக்குன்னு நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். பேச்சு வரலைன்னா வர்ற வரைக்கும் நான் பக்கத்துல நிக்கிறேன்.